முன்னோடி கேரி கில்டால்

முதல் இடம் பெற்றவர்களை உலகம் நினைவில் வைத்துக்கொள்கிறது. இரண்டாம் இடத்தில் நின்றவர்களை எளிதில் மறந்துவிடுகிறது. ஆனால் இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்ட ஒருவரே அந்த வழியை முதலில் வெட்டியவராக இருப்பதும் உண்டு. அப்படிப்பட்ட ஒருவரின் வாழ்க்கையை இங்கே எழுத விரும்புகிறேன். அவர் பெயர் கேரி கில்டால். கணிப்பொறித் துறையைச் சாராத நான் அவரைத் தேடிப் போனதற்கு ஒரு மழை இரவு காரணம்.

எங்கள் வீட்டில் ஒரு மடிக்கணினி இருக்கிறது. அக்கா மேல்நிலைப் பள்ளியில் படித்தபோது அரசு விலையில்லாமல் வழங்கியது. அக்கா வேலைக்குப் போன பிறகு அது என் கைக்கு வந்தது. அதை இயக்கினால் கருந்திரையில் இரண்டு வரிகள் தோன்றும். ஒவ்வொரு வரியிலும் ஓர் இயக்க முறைமையின் பெயர். எதையும் தொடாமல் பத்து நொடி பொறுத்தால் முதலாவது தானாகத் திறந்துகொள்ளும். நாங்கள் எதையும் தொட்டதில்லை. இரண்டாவது சும்மா பேருக்கு இருப்பது என்று அக்கா சொல்லியிருந்தாள். நானும் அப்படியே நம்பினேன்.

சென்ற ஆண்டு ஐப்பசி மழையில் ஓர் இரவு, மறுநாள் வகுப்பில் படிக்க வேண்டிய கருத்தரங்கக் கட்டுரையை அதில் எழுதிக்கொண்டிருந்தேன். மின்சாரம் போயிற்று. பேட்டரி முன்பே தளர்ந்து போனது. கணிப்பொறி அந்த நொடியே அணைந்தது. மின்சாரம் திரும்பி வந்து மறுபடி இயக்கியபோது முதல் வரி பாதி வழியில் நின்றுவிட்டது. மூன்று முறை முயன்றேன், பயனில்லை. மூன்று வார உழைப்பு உள்ளே கிடந்தது. வேறு வழி தெரியாமல் கீழ்நோக்கும் அம்புக்குறியை அழுத்தி இரண்டாவது வரியைத் திறந்தேன். திரையின் தோற்றம் வேறாக இருந்தது; ஆனால் வட்டு அதே வட்டு. முதல் முறைமைக்கு உரிய பகுதியும் அங்கே ஓர் அலமாரி போலத் தெரிந்தது. என் கட்டுரை கடைசியாகச் சேமித்த பத்தி வரை பத்திரமாக இருந்தது. அன்றிரவு எனக்கு வந்த மகிழ்ச்சியோடு கொஞ்சம் வெட்கமும் கலந்திருந்தது.

நான் கணித மாணவன். கலந்தாய்வில் முதலில் கேட்டது கணிப்பொறி அறிவியல், கிடைத்தது கணிதம். இரண்டாவது என்றாலே குறைவானது என்ற எண்ணம் என் உள்ளத்தில் ஆழமாகவே பதிந்திருந்தது. ஒரே பொறியில் ஒன்றுக்கு மேற்பட்ட இயக்க முறைமைகளை வைத்துக்கொள்ளும் வழக்கம் எப்படித் தோன்றியது என்று கணிப்பொறி அறிவியல் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் கேட்டேன். கில்டாலின் வாழ்க்கையைப் படி என்று வழிகாட்டினார். படித்தேன். படித்ததையே இங்குத் தருகிறேன்.

இயக்க முறைமை என்பது என்ன என்று முதலில் தெரிந்துகொள்வோம். திரை, விசைப்பலகை, வட்டு, நினைவகம் ஆகிய எல்லாவற்றையும் ஒழுங்காக வேலை வாங்குகிற அடிப்படை மென்பொருளே அது. நம் கல்லூரி அலுவலகத்தைப் போன்றது என்று சொல்லலாம். எந்த வகுப்பு எந்த அறையில், எந்தக் கோப்பு எந்த அலமாரியில், யாருக்கு எப்போது அனுமதி என்பதையெல்லாம் அது பார்த்துக்கொள்கிறது. அலுவலகம் இல்லாத கல்லூரியில் கட்டடம் இருக்கும், பாடம் நடக்காது.

கேரி கில்டால் 1942ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் அமெரிக்காவின் வடமேற்கில் உள்ள சியாட்டில் நகரில் பிறந்தார். அவருடைய குடும்பத்தார் அந்நகரில் கப்பல் செலுத்தும் கலையைக் கற்பிக்கும் பள்ளி ஒன்றை நடத்திவந்தனர். கேரியும் இளமையில் அங்குப் பாடம் நடத்தினார். கற்பிப்பதில் அவருக்கு இருந்த விருப்பம் அங்கேதான் வேரூன்றியிருக்க வேண்டும். கணித ஆசிரியராவதே தம் நோக்கம் என்று எண்ணி வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே கணிப்பொறி அவரை ஈர்த்துக்கொண்டது. கணிதத்தின் வழியாகக் கணிப்பொறிக்கு வந்தவர் அவர் என்பதைப் படித்தபோது எனக்கு உண்டான ஆறுதலைச் சொல்லி முடியாது.

அந்நாளில் வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தது. இளைஞர்கள் படையில் பணிபுரிய வேண்டிய கட்டாயம் இருந்தது. கில்டால் அந்தக் கடமையைக் கலிபோர்னியாவின் மான்டரே நகரில் உள்ள கடற்படை முதுநிலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்து நிறைவேற்றினார். போர்க்களத்துக்குப் போக வேண்டியவர் கரும்பலகையின் முன் நின்றார். ஆசிரியப் பணிக்கிடையே ஆய்வையும் தொடர்ந்து, 1972இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். நிரல்களை எப்படிச் செம்மையாக்கி விரைவாக ஓடச் செய்வது என்பது அவருடைய ஆய்வுப் பொருள். 1973இல் அதைப்பற்றி அவர் வெளியிட்ட கட்டுரையின் முறை, நிரல்மொழி மாற்றிகளைப் பற்றிய பாடத்தில் இன்றும் கற்பிக்கப்படுகிறது.

1971இல் இன்டெல் நிறுவனம் 4004 என்ற நுண்செயலியை வெளியிட்டது. அறை முழுவதையும் அடைத்துக்கொண்ட பெருங்கணிப்பொறிகளின் காலம் அது. விரல் நகத்தளவுச் சில்லு ஒன்று கணிப்பொறியின் மூளையாக முடியும் என்பதைப் பலர் நம்பவில்லை. கில்டால் நம்பினார். சில்லு சிறிது, அதற்கு நிரல் எழுதிச் சோதிப்பதோ கடினம். ஆகவே, பள்ளியில் இருந்த பெரிய கணிப்பொறியில் அந்தச் சிறிய சில்லைப் போலவே நடிக்கும் ஒரு நிரலை எழுதினார். ஒரு பொறியின் உள்ளே இன்னொரு பொறி! அவருடைய திறமையைக் கண்ட இன்டெல் அவரை ஆலோசகராக ஏற்றுக்கொண்டது. நுண்செயலிகளுக்கு எளிதாக நிரல் எழுத உதவும் பி.எல்/எம் என்ற மொழியை அவர் அந்நிறுவனத்துக்காக உருவாக்கினார். கைம்மாறாக ஒரு சிறிய கணிப்பொறி அவருக்குக் கிடைத்தது.

ஆனால் அதில் பெரிய குறை ஒன்று இருந்தது. எழுதியதைச் சேமிக்கத் துளையிட்ட காகித நாடாவைத்தான் நம்ப வேண்டும். அது மெதுவானது, எளிதில் கிழியக்கூடியது. அப்போதுதான் பிளாப்பி என்று நாம் அழைக்கும் நெகிழ்வட்டு சந்தைக்கு வந்திருந்தது. சுகார்ட் நிறுவனத்தில், ஆயுள் சோதனைக்காக ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓட்டித் தேய்ந்துபோன ஒரு வட்டு இயக்கியைக் கேட்டு வாங்கிவந்தார் கில்டால். அதைக் கணிப்பொறியோடு இணைக்கும் மின்சுற்றைத் தாமே அமைக்க முயன்று தோற்றார். பிறகு பல்கலைக்கழக நண்பர் ஜான் டோரோடு அந்தச் சுற்றை அமைத்துக் கொடுத்தார். வட்டில் கோப்புகளை எழுதவும் படிக்கவும் தேடவும் வேண்டிய மென்பொருளைக் கில்டால் எழுதினார். 1974இல் பசிபிக் குரோவ் என்ற கடற்கரை ஊரில், அவருடைய வீட்டின் பின்புறத்து அறையில் அது முதன்முதலாக ஓடியது. அதுவே சி.பி/எம் என்ற இயக்க முறைமை. இன்டெல் அதை வாங்கிக்கொள்ள முன்வரவில்லை. ஆகவே கில்டாலும் அவர் மனைவி டாரத்தியும் தாமே ஒரு நிறுவனம் தொடங்கி அதை விற்கலாயினர். டிஜிட்டல் ரிசர்ச் என்ற பெயரால் அது புகழ்பெற்றது. கணவர் நிரல் எழுதினார். மனைவி நிருவாகத்தை நடத்தினார்.

இதற்கு அடுத்து அவர் செய்ததே அவருடைய வாழ்க்கையின் தலையாய செயல் என்பது என் கருத்து. அக்காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாகக் கணிப்பொறி செய்தது. ஒன்றின் வட்டு மற்றொன்றின் வட்டைப் போல் இராது, திரையும் வேறு. ஒவ்வொரு புதிய பொறிக்கும் சி.பி/எம் முழுவதையும் திருத்தி எழுத வேண்டியிருந்தது. இந்தத் தொல்லைக்கு முடிவு கட்ட, கில்டால் அதனை இரண்டாகப் பிரித்தார். பொறிக்குப் பொறி மாறுபடுகிற சிறு பகுதியைத் தனியே எடுத்து அதற்கு பயாஸ் என்று பெயரிட்டார். எந்தப் பொறியிலும் மாறாத பெரும்பகுதி வேறாக நின்றது. புதிய பொறி வந்தால் பயாஸை மட்டும் எழுதினால் போதும்.

நமக்குத் தெரிந்த ஒன்றைக் கொண்டு இதை விளக்கலாம். பல்கலைக்கழகத் தேர்வில் வினாத்தாள் எல்லாக் கல்லூரிகளுக்கும் ஒன்றே. தேர்வுக்கூடத்தில் பெஞ்சுகள் எத்தனை, கதவு எந்தப் பக்கம், மின்விசிறி சுழலுமா என்பவை கல்லூரிக்குக் கல்லூரி மாறும். கூடத்தை ஏற்பாடு செய்வது அந்தந்தக் கல்லூரியின் பொறுப்பு. வினாத்தாள் தயாரிப்பவர் அதைப்பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. கில்டால் செய்த பிரிவினையும் இதுதான். இன்றைய கணிப்பொறிகளில் அந்த வேலையைப் புதிய அமைப்பு ஒன்று செய்கிறது. ஆனாலும் பழுதுபார்க்கும் கடைகளில் பயாஸ் என்ற சொல் இன்னும் வழங்கிவருகிறது.

இதனால் விளைந்த நன்மை பெரிது. 1981ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 3,000 வகைக் கணிப்பொறிகளில் சி.பி/எம் ஓடியது. ஒருமுறை எழுதிய நிரல் எல்லாவற்றிலும் ஓடும் என்பதால் வேர்ட்ஸ்டார் போன்ற நிரல்கள் பெருகின. அந்த நிரல்களுக்காகவே வேறு வகைப் பொறி வைத்திருந்தவர்களும் சி.பி/எம்மை நாடினர். ஆப்பிள் 2 கணிப்பொறியின் செயலியில் அது ஓடாது. ஆகவே 1980இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் ஓர் அட்டையை விற்றது. அதில் இசட்-80 என்ற வேறொரு செயலி இருந்தது. அட்டையைச் செருகினால் அதே ஆப்பிளில் சி.பி/எம்மும் ஓடும். வேண்டும்போது ஆப்பிளின் சொந்த முறைமை. வேண்டும்போது கில்டாலின் முறைமை. ஒரு வீட்டுக் கணிப்பொறியில் இரண்டு முறைமைகள் என்ற பழக்கம் பலரிடம் பரவ இந்த அட்டை பெரிதும் துணைசெய்தது.

1980இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணிப்பொறியை மறைவாகத் தயாரித்துக்கொண்டிருந்தது. அதற்கு இயக்க முறைமை தேடி அதன் அலுவலர்கள் பசிபிக் குரோவுக்கு வந்தனர். அன்று கில்டால் முன்பே ஒப்புக்கொண்ட ஒரு வணிகச் சந்திப்புக்காகத் தம் சிறு விமானத்தைத் தாமே ஓட்டிக்கொண்டு வெளியூர் சென்றிருந்தார். வந்தவர்கள் ஓர் இரகசியக் காப்பு ஒப்பந்தத்தை நீட்டினர். அது ஒருபக்கச் சார்பாக இருந்ததால் வழக்கறிஞரின் அறிவுரைப்படி டாரத்தி கையொப்பமிடத் தயங்கினார். அன்று பிற்பகலில் என்ன நடந்தது என்பது பற்றி, தொடர்புடையவர்கள் பின்னாளில் சொன்னவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. உடன்பாடு ஏற்படவில்லை என்பது மட்டும் உறுதி. வாய்ப்பு வாசலுக்கு வந்தபோது கில்டால் பொழுதுபோக்காக வானில் பறந்துகொண்டிருந்தார் என்று ஒரு கதை பரவிற்று. வேலையாகப் போன மனிதரை வேடிக்கைக்குப் போனவர் என்று ஊர் பேசியது. அந்தக் கதை சாகும்வரை அவரை விடவில்லை.

ஐ.பி.எம். மைக்ரோசாப்டை நாடியது. மைக்ரோசாப்டிடம் அப்போது அதற்கேற்ற முறைமை இல்லை. சியாட்டிலில் ஒரு சிறு நிறுவனத்தில் டிம் பேட்டர்சன் என்ற இளைஞர் 86-டாஸ் என்ற முறைமையை எழுதியிருந்தார். சி.பி/எம்முக்கு எழுதிய நிரல்களை எளிதாக மாற்றிக்கொள்ளலாம் என்பதற்காக, நிரல்கள் முறைமையை அழைக்கும் வழிகளை அவர் சி.பி/எம்மைப் பின்பற்றியே அமைத்திருந்தார். 1981 ஜூலையில் மைக்ரோசாப்ட் அதன் முழு உரிமையையும் 50,000 டாலருக்கு வாங்கியது. அதுவே ஐ.பி.எம். கணிப்பொறியின் டாஸ் ஆயிற்று. தம் உழைப்பை எடுத்துக்கொண்டார்கள் என்று கில்டால் வருந்தினார். தாம் மூல நிரலை நகலெடுக்கவில்லை என்று பேட்டர்சன் மறுத்தார். மென்பொருளுக்குப் பதிப்புரிமை எந்த அளவு என்பது அன்று நீதிமன்றங்களில் தெளிவாகாத காலம். கில்டாலின் நிறுவனம் வழக்குத் தொடுக்கவில்லை. அதற்கு ஈடாக, அவருடைய புதிய சி.பி/எம்-86 முறைமையையும் தன் கணிப்பொறிக்கு விற்பதாக ஐ.பி.எம். ஒப்புக்கொண்டது.

ஆக, 1981 ஆகஸ்டு 12ஆம் நாள் அறிவிக்கப்பட்ட அந்தப் புகழ்பெற்ற கணிப்பொறிக்குத் தொடக்கத்திலேயே ஒன்றுக்கு மேற்பட்ட முறைமைகள் அறிவிக்கப்பட்டன. டாஸ் வட்டைச் செருகி இயக்கினால் டாஸ், சி.பி/எம்-86 வட்டைச் செருகினால் சி.பி/எம்-86. எது சிறந்தது என்பதை வாங்குவோர் முடிவு செய்யட்டும் என்று கில்டால் நம்பியிருந்தார். ஆனால் விலைப்பட்டியலைப் பார்த்தபோது அவர் திகைத்தார். டாஸின் விலை 40 டாலர். சி.பி/எம்-86இன் விலை 240 டாலர். அதுவும் பல மாதம் தாழ்ந்து 1982இல்தான் கடைக்கு வந்தது. மக்கள் எதை வாங்கியிருப்பார்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? 1983இல் அவருடைய நிறுவனம் விலையை 60 டாலராகக் குறைத்தது. அதற்குள் நிரல் எழுதுவோர் அனைவரும் டாஸின் பக்கம் போய்விட்டனர்.

இந்த இடத்தைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் அமர்ந்திருந்தேன். இரண்டு இருக்கின்றன என்று சொல்வது மட்டும் தேர்ந்தெடுக்கும் உரிமை ஆகாது. ஒன்றை எட்டும் உயரத்திலும் மற்றொன்றை எட்டாத உயரத்திலும் வைத்துவிட்டு, விரும்பியதை எடுத்துக்கொள் என்றால் அது உரிமையா? அதே வேளையில் பழியை முழுவதும் பிறர்மேல் போடவும் என் மனம் ஒப்பவில்லை. விற்கும் விலையைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை ஒப்பந்தத்தில் கேட்டு வாங்காமல் விட்டது கில்டாலின் தவறே. அவர் கண்டுபிடிப்பதில் மகிழ்ந்தவர். பேரம் பேசுவதில் மகிழ்ந்தவர் அல்லர்.

அவர் அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. ஒரே நேரத்தில் பல நிரல்களை ஓட்டவல்ல கன்கரன்ட் சி.பி/எம் முறைமையை அவருடைய நிறுவனம் 1980களின் தொடக்கத்திலேயே ஐ.பி.எம். கணிப்பொறிக்குக் கொண்டுவந்தது. 1985இல் அவருடைய மற்றொரு நிறுவனத்தின் உழைப்பால், குரோலியர் கலைக்களஞ்சியத்தின் சொற்கள் முழுவதும் ஒரே குறுந்தகட்டில் அடங்கி வெளிவந்தன. 1983 முதல் 1990 வரை கணிப்பொறி பற்றிய ஒரு தொலைக்காட்சித் தொடரில் இணைத் தொகுப்பாளராக இருந்து, எளிய மக்களுக்கு அத்துறையை விளக்கினார். ஆசிரியர் உள்ளம் அவரை விட்டு என்றும் நீங்கவில்லை. 1988இல் அவருடைய நிறுவனம் டி.ஆர்.டாஸ் என்ற முறைமையை வெளியிட்டது. டாஸ் நிரல்கள் அதில் அப்படியே ஓடின. ஒருகாலத்தில் இவருடைய முறைமையைப் பார்த்து டாஸ் எழுதப்பட்டது. இப்போது டாஸைப் பார்த்து இவருடைய நிறுவனம் எழுத வேண்டியதாயிற்று. 1991இல் நோவெல் நிறுவனம் டிஜிட்டல் ரிசர்ச்சை வாங்கியது. கில்டாலுக்குச் செல்வம் நிறையக் கிடைத்தது.

ஆனால் மனம் நிறையவில்லை. 1992இல் அவர் படித்த பல்கலைக்கழகக் கணிப்பொறித் துறையின் வெள்ளி விழா நடந்தது. அத்துறையின் தொடக்க கால முனைவர்களில் ஒருவரான அவருக்கும் அழைப்பு வந்தது. தலைமையுரை ஆற்ற அழைக்கப்பட்டவர் மைக்ரோசாப்டின் பில் கேட்ஸ். தாம் கற்ற மண்ணிலும் தம் இடம் இரண்டாவதுதான் என்பது அவரைப் புண்படுத்தியது. அந்த வேதனையில் தம் நினைவுகளை எழுதத் தொடங்கி, படிகளை நண்பர்கள் சிலருக்குக் கொடுத்தார். 1994 ஜூலை 8ஆம் நாள் மான்டரேயில் ஓர் உணவு விடுதியில் தலையில் அடிபட்டு, மூன்று நாள் கழித்து 11ஆம் நாள் காலமானார். அப்போது அவருக்கு வயது 52. சியாட்டிலில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

2014 ஏப்ரலில், பசிபிக் குரோவில் அவருடைய நிறுவனம் இயங்கிய வீட்டின் முன்னால் உலக மின்பொறியாளர் சங்கமான ஐ.இ.இ.இ. ஒரு நினைவுப் பலகையைப் பதித்தது. அதே ஆண்டு அக்டோபரில் சி.பி/எம்மின் தொடக்க கால மூல நிரலைக் கணிப்பொறி வரலாற்று அருங்காட்சியகம் யாவரும் படிக்க வெளியிட்டது. அவருடைய நினைவுக் குறிப்புகளின் ஒரு பகுதியைக் குடும்பத்தார் 2016இல் வெளியிட இசைந்தனர். காலம் கடந்து வந்த மரியாதைகள்தான். ஆயினும் வந்தன.

என் மடிக்கணினியின் இரண்டு வரிகளுக்கு மீண்டும் வருகிறேன். 1983இல் வந்த டாஸ் 2.0, ஐ.பி.எம். கணிப்பொறியின் நிலைவட்டை நான்கு பகுதிகள் வரை பிரிக்க வழி செய்தது. ஒவ்வொரு பகுதியிலும் ஒவ்வொரு முறைமை குடியிருக்கலாம். டாஸுக்குப் பக்கத்தில் சி.பி/எம்-86 போன்றவற்றுக்கும் இடம் கிடைத்தது. என் வட்டில் இரண்டு முறைமைகள் சண்டையின்றி வாழ்வதற்கு அந்த ஏற்பாடே மூத்த முன்மாதிரி.

நண்பர்களே, உங்கள் கணிப்பொறியிலும் இரண்டாவது வரி ஒன்று இருந்தால், ஒரு மாலை நேரத்தில் அதைத் திறந்து பாருங்கள். இல்லாவிட்டால், பென்டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கக்கூடிய விலையில்லா முறைமைகள் உள்ளன. வட்டில் நிறுவுவதற்கு முன் உங்கள் கோப்புகளை வேறோரிடத்தில் படியெடுத்து வைக்க மறக்காதீர்கள். பகுதி பிரிக்கும்போது ஒரு தவறான அழுத்தம் எல்லாவற்றையும் அழித்துவிடும்.

நான் இப்போது வாரத்தில் இரண்டு நாள் இரண்டாவது வரியைத் திறக்கிறேன். அதில் சிறு சிறு நிரல்கள் எழுதிப் பழகுகிறேன். கணித வகுப்பில் அமரும்போது கிடைக்காத பாடத்தை எண்ணி ஏங்குவதையும் விட்டுவிட்டேன். கணித ஆசிரியராக விரும்பிய ஒருவர் கணிப்பொறி உலகுக்கு வழி வெட்டினார். அந்த வழியில் தம் பெயரை முதல் வரியில் எழுத உலகம் மறந்தது. இரண்டாவது வரியில் இருந்தாலும் அதை அழுத்திப் பார்க்க ஒரு விரல் வேண்டும். அந்த விரல் நம்முடையதாக இருக்கட்டும்.